கேஸிமிர் பெயரில் வந்த முத்தம்

பெர்னிஸ் கோர்னியாக் பரிசு ஜெயிப்பதை ஒரு வேலையாகவே செய்தவள். கடைக்காரர்களும் வானொலிக்காரர்களும் சோப்புக் கம்பெனிக்காரர்களும் நடத்துகிற குலுக்கல்கள், இலவசப் பரிசுகள், எதையும் விடமாட்டாள். காலையில் காபியோடு கணினி முன்னால் உட்கார்ந்தால் பெயர், முகவரி, பிறந்த தேதி என்று மதியம்வரை தட்டிக்கொண்டே இருப்பாள். கணினி வருவதற்கு முன்பு அஞ்சலட்டைதான். அதை லேசாகக் கசக்கிப் போடுவாள். கசங்கிய அட்டை பெட்டிக்குள் உப்பி நிற்கும், எடுப்பவன் கையில் முதலில் தட்டுப்படும் என்பது அந்தக் கூட்டத்தாரின் நம்பிக்கை. ஆமாம், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஈரி நகரத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. மாதம் ஒருமுறை ஒரு விடுதியில் கூடி, யார் எங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நுழைவுதான் என்று விதி இருந்தால், வீட்டில் மூச்சு விடுகிற எல்லார் பெயரிலும் ஒன்று போட்டுவிடுவார்கள். அதனால் பெர்னிஸின் கணவர் கேஸிமிர் (எங்களுக்குக் கேஸ்) தனக்கே தெரியாமல் ஏகப்பட்டது ஜெயித்திருந்தார். ஒரு வருடத்துக்கு வேண்டிய கடுகுச் சாஸ், பனிச்சறுக்குப் பலகை, நாய் இல்லாத வீட்டுக்கு நாய்க்கூண்டு. ஒருமுறை ஒற்றை ஆள் துடுப்புப் படகு வந்து இறங்கியது. அப்போது அவருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறிவிட்டது.

"இதுல எங்கடி போறது? ஏரி தாண்டி கனடாவுக்கா?" என்றார்.

"போறதுன்னா போ. கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போ. உன் பேர்லதான் வந்திருக்கு" என்றாள் பெர்னிஸ்.

நான் பக்கத்து வீடு. பெயர் லோட்டி. முப்பது வருடம் மாவட்ட முதியோர் இல்லத்தில் உதவிச் செவிலியாக இருந்தேன். கேஸிமிர் ரயில் என்ஜின் தொழிற்சாலையில் வெல்டர். புகையும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. பெர்னிஸுக்கு முதுகு சரியில்லாததால் அவரைக் குளிப்பாட்ட நான் போவேன். அதனால் அந்த வீட்டில் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும்.

மோசமான கல்யாணம் என்று சொல்ல முடியாது. அவர் கை நீட்டியதில்லை. அவள் வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கத் தவறியதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். முத்தமெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நெற்றியில்.

அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில் ஊர் நடுவில் இருக்கும் புத்தகக் கடை ஒரு பரிசு அறிவித்தது. முத்தத்தின் அறிவியல் பற்றி யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகத்தைப் பண்டிகைக்கு இலவசமாகக் கொடுக்கிறார்களாம். உங்களால் மறக்க முடியாத முத்தத்தைப் பற்றிச் சில வரிகள் கடையின் இணையப் பக்கத்தில் எழுத வேண்டும். பெயர் வெளியே தெரியாது, கடைக்காரர்களுக்கு மட்டும்தான். குலுக்கல் கிடையாது, நன்றாக எழுதியவருக்குப் பரிசு. ஜெயித்தவர் மட்டும் கடைக்கு வந்து, கூட்டத்துக்கு முன்னால் தான் எழுதியதைப் படிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றுதான்.

பெர்னிஸ் வழக்கம்போல இரண்டு போட்டாள். தன் பெயரில் ஒன்று, கேஸிமிர் பெயரில் ஒன்று.

ஒரு வாரம் கழித்து மதியம், மேல்கோட்டுகூடப் போடாமல், பனியில் வீட்டுச் செருப்போடு என் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"லோட்டி, நான் செத்தேன்."

"செத்தவ நடந்து வர மாட்டா. உக்காரு. என்ன ஆச்சு?"

"கேஸ் ஜெயிச்சுட்டான்."

"இந்தத் தடவை என்ன, ஒட்டகமா?"

"விளையாடாத. அந்த முத்தப் புத்தகம். நான் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பாத்து புத்தகக் கடைப் பொண்ணு போன் பண்ணியிருக்கா. இவன் எடுத்திருக்கான்."

"எடுத்தா என்ன? நான் எழுதல, என் பொண்டாட்டி எழுதினாள்னு சொல்லிட்டுப் போறான்."

பெர்னிஸ் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"நான் எழுதின முத்தம் கேஸோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"லியோவோடது."

லியோ ஸவாட்ஸ்கி கேஸிமிரின் கூட்டாளி. ஒரே பட்டறையில் அருகருகே வெல்டிங் செய்தவர்கள், ஒரே பவுலிங் குழுவில் பந்து உருட்டியவர்கள். லியோ இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர்களில் கேஸிமிரும் ஒருவர். அப்போதே அவருக்கு மூச்சு இளைக்கும்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"எத்தனை தடவை?"

"ஒரே தடவை. வேலைநிறுத்தத்து அப்போ. சர்ச் நிலவறையில சூப் காய்ச்சி ஃபேக்டரி வாசலுக்குக் கொண்டுபோவோமே, அப்ப."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சூப்பை ஊத்திக் குடுத்தேன். வேற ஒண்ணுமில்ல லோட்டி. சத்தியமா."

அவள் சொன்னதை நம்பினேன். அவள் பொய் சொல்லும்போது நிறையப் பேசுவாள்.

"அப்ப நாற்பது வருஷம் கழிச்சு அதை ஏன்டி எழுதித் தொலைச்ச?"

"என் பேர்ல கல்யாண முத்தத்தை எழுதிட்டேன். அவன் பேர்லயும் ஒண்ணு வேணுமில்ல. போட்டி முடிய அரைமணி நேரந்தான் இருந்துச்சு. அடுப்புல பன்னித் தொடை வெந்துகிட்டிருக்கு. எனக்கு வேற ஒண்ணும் ஞாபகம் வரல." கொஞ்சம் நிறுத்தி, "அவன் பேர்லதானே போகுது, யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்" என்றாள்.

வேறொருவர் பெயரில் எழுதி எழுதி அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே மறந்துவிட்டது.

"கேஸ் என்ன சொன்னான்?"

"அந்தப் பொண்ணு போன்லயே முழுசாப் படிச்சுக் காட்டியிருக்கா. கேட்டுட்டு, வர்றேன், படிக்கிறேன்னு சொல்லிட்டான். எங்கிட்ட, வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வைன்னான். வேற ஒரு வார்த்தை இல்ல. லோட்டி, அவனுக்குத் தெரியுமா தெரியாதா?"

"போய்க் கேளு. இல்லன்னா நீயே சொல்லு. அத்தனை பேர் முன்னாடி அவன் வாயால வர்றதுக்கு முன்னாடி சொல்லிடு."

"தெரியாம இருந்தா? நானே போய்க் கிளறணுமா?"

அந்த வாரம் முழுவதும் அவளுக்கு அந்த ஒரே கவலைதான். கடைக்குப் போன் செய்து, கணவருக்கு உடம்பு முடியவில்லை, பரிசை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். காரா என்ற அந்தப் பெண், வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டாளாம். சுவரொட்டிகூட அடித்துவிட்டார்கள்.

படிக்க வேண்டிய நாள் காலையில் கேஸிமிரைக் குளிப்பாட்டும்போது அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"லோட்டி, லியோ சிகரெட்டை விடுறதுக்கு என்னத்தையோ மெல்லுவானே. என்ன அது?"

"குனி. கழுத்துக்குப் பின்னால தேய்க்கணும்."

"கிராம்புதானே?"

"கிராம்புதான்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார். குனிந்தார்.

துவட்டிச் சட்டை மாட்டிவிட்டு நேராகப் பெர்னிஸிடம் போய், அவனுக்குத் தெரியும், இப்போதே போய்ப் பேசு என்றேன். அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீயா ஏதாவது கற்பனை பண்ணாத" என்றாள். பயந்தவர்கள் அப்படித்தான். முதியோர் இல்லத்திலும் பார்த்திருக்கிறேன். மருத்துவர் சொன்னது காதில் விழாத மாதிரி, மதியச் சாப்பாட்டில் உப்பு குறைவு என்பார்கள்.

அன்று சாயங்காலம் ஏரியிலிருந்து பனி கொட்டியது. என் பழைய பியூக் காரில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கேஸிமிர் வெள்ளைச் சட்டைக்கு டை கட்டியிருந்தார். மடியில் சின்ன ஆக்சிஜன் உருளை. கடைக்குள் முப்பது நாற்பது பேர் மடக்கு நாற்காலிகளில் இருந்தார்கள். சூடான ஆப்பிள் சாறு, இஞ்சி பிஸ்கட், கூரையில் ரிப்பன். அந்தப் புத்தகம் சிவப்பு முடிச்சோடு மேசைமேல் இருந்தது. காரா ஒல்லியான பெண், பெரிய கண்ணாடி. கேஸிமிரின் கையைப் பிடித்து ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்து, கையில் ஒரு தாளைக் கொடுத்தாள்.

அவர் படித்தார்.

"வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலம். அவள் இரண்டு கையாலும் சூப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பனியில் வழுக்கப்போனாள். நான் தோளைப் பிடித்தேன். பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு முத்தமிட்டேன். நான் கிராம்பு மென்றுகொண்டிருந்தேன். அவள் வாய்க்குள்ளும் அந்தக் காரம் போயிருக்கும். அவள் துப்பவில்லை. சூப்பின் ஆவி எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவள் பானையைக் கீழே வைத்திருக்கலாம். வைத்திருந்தால் என்னைத் தள்ளியிருக்கலாம், கட்டிக்கொண்டும் இருக்கலாம். வைக்கவில்லை. ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை."

ஐந்து சொல்லுக்கு ஒருமுறை அவருக்கு மூச்சு வாங்க வேண்டும். நிறுத்தி நிறுத்திப் படித்தார். முன் வரிசையில் ஒரு பெண் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். பெர்னிஸ் என் பக்கத்தில் கைப்பையைப் பிடித்தபடி இருந்தாள். ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை, விடவும் இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். காரா குனிந்து, "இன்னும் கிராம்பு மெல்லுறீங்களா?" என்று கேட்டாள்.

"நான் மென்னதே இல்லம்மா. எனக்கு அந்த வாசனையே ஆகாது."

கூட்டம் சிரித்தது. காரா பாதிச் சிரிப்போடு நின்றாள். "அப்ப இதுல எழுதியிருக்கே?"

"எம் பொண்டாட்டிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. அதோ உக்காந்திருக்கா. அவளைக் கேளு."

எல்லாத் தலைகளும் திரும்பின. கேஸிமிரும் அவளைப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் அப்படி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதை நான் கண்டு வருடக்கணக்காகிறது. அவர் முகத்தில் கோபம் இல்லை. காத்திருந்தார். போட்டிக்காக நான் எழுதியது, சும்மா கற்பனை என்று அவள் சொல்லியிருந்தாலே போதும், அத்தோடு முடிந்திருக்கும். எழுந்து வெளியே போயிருந்தால்கூட அது ஒரு பதில்.

பெர்னிஸ் சிரித்தாள்.

"அவருக்கு வயசாயிடுச்சு. பாவம், இப்பல்லாம் எல்லாத்தையும் மறந்துடுறாரு."

கடை முழுவதும் "அடடா" என்று இளகியது. முன்வரிசைப் பெண் எழுந்து போய்க் கேஸிமிரின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். காரா புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலச் சத்தமாக, "இது உங்களுக்குத்தான்" என்றாள். அவர் நன்றி சொன்னார்.

காரில் அவர் முன்னால் என் பக்கத்தில் இருந்தார். பெர்னிஸ் பின்னால்.

"மறந்துட்டேனா?" என்றார் கேஸிமிர்.

"வேற என்ன சொல்லச் சொல்ற, அத்தனை பேர் முன்னாடி?"

"லியோ அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டான். அழுதுகிட்டே சொன்னான். மூக்குல ஒண்ணு விட்டேன். மூக்கைத் துடைச்சுகிட்டு என்கூட பந்து உருட்ட வந்தான். எனக்கு அது அன்னிக்கே முடிஞ்சு போன சமாச்சாரம்."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நீ சொல்வேன்னு கொஞ்ச நாள் பாத்தேன். சொல்லல. சரி, நீயே மறந்திருப்பன்னு விட்டுட்டேன்."

"கேஸ், ஒரு தடவைதான். ஒரு நிமிஷம்கூட இருக்காது."

"தெரியும். அதைப் பத்தி நான் பேசல. உன் பேர்லயும் ஒண்ணு எழுதினியே. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், அதையும் போன்ல படிச்சா. நம்ம கல்யாணம். கேக் இனிப்பா இருந்துச்சுன்னு எழுதியிருக்க. அப்புறம் பூ. அப்புறம் வெயில்."

"நல்லாத்தான எழுதியிருந்தேன்?"

"அந்தப் பொண்ணுக்கு என்ன, இருபத்தஞ்சு வயசு இருக்குமா? நம்மளை அவ பாத்ததுகூட இல்ல. ரெண்டையும் படிச்சுட்டு எது நெஜம்னு கண்டுபிடிச்சுட்டா பாரு."

நான் வண்டியை ஓட்டினேன். துடைப்பான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிச் சமயத்தில் மூன்றாவது ஆள் வாயைத் திறக்கக் கூடாது.

"பானையை ஏன் கீழ வைக்கல?" என்று கேட்டார்.

"சூப் கொட்டிடும்னு."

"வெச்சிருந்தா?"

வீடு வந்து சேரும்வரை அவள் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு, என் கணவர் போனதிலிருந்து, நான் அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். எங்கள் போலந்துக்காரர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் நின்றுகொண்டு ஒப்வாடெக் உடைப்போம். காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பம். உன்னுடையதில் நான் ஒரு துண்டு, என்னுடையதில் நீ ஒரு துண்டு. வாயில் போட்டுக்கொண்டு, வரும் வருடத்துக்கு வாழ்த்தி, முத்தம் கொடுக்க வேண்டும். மனஸ்தாபத்தோடு அந்த மேசையில் உட்காரக் கூடாது என்பார்கள்.

கேஸிமிர் என்னிடம் உடைத்தார். "உன் முழங்கால் நல்லாகட்டும்" என்று கன்னத்தில் முத்தமிட்டார். மூக்குக் குழாய் என் தாடையில் உரசியது. பிறகு பெர்னிஸிடம் திரும்பினார். அவள் கழுத்தை நீட்டி, நெற்றியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு துண்டு உடைத்தார், தின்றார்.

"உடம்பைப் பாத்துக்க" என்றார். உட்கார்ந்தார். மத்தி மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பீட்ரூட் சூப்பைக் கொண்டுவரப் போனாள்.

குளிர்காலம் முழுவதும் அவர் அந்தப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். என்னிடம் மட்டும் அதிலிருந்து அவ்வப்போது சொல்லுவார். உதட்டில் நரம்பு முனைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, வாசனை மூளையில் எங்கே போய்த் தங்குகிறது என்றெல்லாம்.

"படிச்சு என்ன பண்ணப்போற?" என்றேன்.

"இத்தனை வருஷம் நான் என்ன தப்பாப் பண்ணினேன்னு பாக்குறேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

வசந்தத்தில் அவர் படுக்கையோடு ஆனார். பெர்னிஸ் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், அதில் குறை சொல்ல மாட்டேன். முதுகுவலியோடு விரிப்பு மாற்றினாள், கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அவர் சாப்பிட்டார், நன்றிகூடச் சொன்னார். கடைசிக்கு நெருக்கத்தில் ஒருநாள் நான் அவர் குதிகாலில் வந்த படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலோரம் குனிந்து, "கேஸ், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றாள்.

அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி குடு" என்றார்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் போய்விட்டார். அடக்கத்தன்று பெட்டியை மூடுவதற்கு முன்னால் பெர்னிஸ் குனிந்து உதட்டில் முத்தமிட்டாள், நீளமாக. பெட்டி மூடுகிற ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் போய் அவள் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினேன். இல்லாவிட்டால் முதுகு பிடித்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் ஆக்சிஜன் இயந்திரத்தை எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளும் நானும் நீளக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

"லோட்டி, அவன் என்னை மன்னிச்சிருப்பான்ல? உள்ளுக்குள்ளயாவது?"

முதியோர் இல்லத்தில் குடும்பத்தார் இப்படிக் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம். அங்கே அடுத்த அறை இருந்தது. இவள் நாளைக்கும் என் பக்கத்து வீடுதான்.

"மன்னிச்சிருந்தா சொல்லியிருப்பான்" என்றேன். "அவன் எதையும் மறைச்சு வெக்கிற ஆள் இல்ல."

அவள் தலையாட்டினாள். வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் போய்க் கதவைத் திறந்து, இயந்திரம் எந்த அறையில் இருக்கிறது என்று அந்த ஆளுக்குக் கை காட்டினாள்.